சிவப்புத் தடத்தில் பாதி இறங்கியவள்

ஏழுகண்பாலத்தில் பேருந்துக்கென்று தனியாகச் சிவப்புத் தடம் போட்ட வருஷம், அந்தத் தடத்தில் வேறு வண்டியை நிறுத்தி ஆளை இறக்கினால் ஆள் முழுதாக இறங்குவதில்லை என்பதை ஊர் கண்டுகொண்டது. கண்டுகொண்ட பிறகும் அது எப்போதும்போல் காலையில் காப்பி குடித்து, பேப்பர் படித்து, குளித்து முழுகிக் கிளம்பி, சிவப்புத் தடத்திலேயே வண்டியை நிறுத்தி, "ஒரு நிமிஷம், இந்தா எறங்கிருதேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சட்டம் வந்து மாறாத ஊர், அதிசயம் வந்தா மாறிவிடப் போகிறது?

தடம் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஆற்றுப் பாலம் இறங்குகிற இடத்தில் தொடங்கி, தாலுகா ஆபீஸ், பெண்கள் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்டு என்று ஒவ்வொரு வாசலாகத் தொட்டுக்கொண்டு ரயில்வே கேட்டில் போய் முடிகிற, ரோட்டின் இடதுபக்கம் பூசிய ஒரு சிவப்புப் பட்டை. அதில் பஸ் மட்டும் போகலாம், பஸ்ஸிலிருந்து மட்டும் ஆள் இறங்கலாம். ஊர்க்காரர்களுக்கோ போகவேண்டிய வாசலிலேயே போய் இறங்க வேண்டும். நாலு எட்டு தள்ளி இறங்கி நடந்தால் அவர்கள் கௌரவம் என்ன ஆவது?

இதை முதலில் பார்த்தவன் ஆட்டோ ஓட்டும் லிங்கத்துரை. ஒருநாள் தாலுகா ஆபீஸ் கிளார்க் குற்றாலம் சாரை வழக்கம்போல் ஆபீஸ் வாசலில், சிவப்பில் நிறுத்தி இறக்கிவிட்டான். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்த, அவசரமாகக் கியரைப் போட்டுக் கிளம்பிக் கண்ணாடியைப் பார்த்தால், சார் காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சார், எறங்கலியா?"

"எறங்கிட்டனே. அந்தா படியேறிப் போறேன் பாரு."

லிங்கத்துரை திரும்பிப் பார்த்தான். உண்மைதான். சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குற்றாலம் சார் ஆபீஸ் படி ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

"அப்ப இங்க இருக்கது யாரு?"

"நாந்தான். எனக்கு இன்னைக்கு ஆபீஸ் போக மனசில்ல லிங்கம். நீ ஓட்டு, காத்து நல்லா வருது."

லிங்கத்துரை ஓட்டினான். வேறு என்ன செய்ய? பாலத்து முனையில் நின்ற போக்குவரத்துக் காவலர் ஞானப்பூ விசிலை ஊதி மறித்தாள். ஊரில் எல்லாரையும் ஆள் தெரிந்து திட்டுகிற பெண்பிள்ளை அவள். தாலுகா ஆபீஸ் வாசலைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள், இடுப்பில் கையை வைத்தாள்.

"செவப்புல எறக்காதீங்க, எறக்காதீங்கன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துதேம்லா? இப்பப் பாரு, அரையும் கொறையுமா எறக்கி வச்சிருக்க. மிச்சத்த ஒழுங்கா ஓரமா கொண்டு எறக்கி விடு."

அவன் டீக்கடை ஓரத்து மண்ணில் வண்டியை நிறுத்தினான். சார் முனகிக்கொண்டே ஒரு காலைக் கீழே வைத்தார், அவ்வளவுதான், டீயிலிருந்து ஆவி போகிற மாதிரி போய்விட்டார். அதே நேரம் தாலுகா ஆபீஸுக்குள், அதுவரை தலை நிமிராமல் சீல் குத்திக்கொண்டிருந்த குற்றாலம் சார், சீலைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, "என்ன பொழப்புய்யா இது" என்று பெருமூச்சு விட்டு, டீ குடிக்க எழுந்து போனாராம். கூட வேலை பார்த்தவர்கள் சொன்னது.

ஏன் அப்படி என்று ஊர் ரொம்பவும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பெயின்ட்டில் கலந்த மண் காளி கோயில் மண் என்று சிலர் சொன்னார்கள், காண்ட்ராக்டர் சரியில்லை என்று பலர் சொன்னார்கள். விதிமுறை மட்டும் எல்லாருக்கும் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது: சிவப்பில் இறக்கினால், போக மனசில்லாத பங்கு வண்டியிலேயே தங்கிவிடும், அந்த மிச்சம் சிவப்புக்கு வெளியே எங்கே தரையில் கால் வைத்தாலும் உடையவரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். ஊரில் அதற்குப் பெயரே மிச்சம் என்று ஆகிவிட்டது. "மிச்சம் ஏதும் இருக்கா, எடம் காலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார்கள். அத்தனை பேர் ஏறினாலும் மிச்சங்களுக்கு எடை கிடையாது என்று மெக்கானிக்குகள் அடித்துச் சொன்னார்கள்; ஆனால் உட்கார இடம் மட்டும் ஆளுக்கு ஆள் வேண்டியிருந்தது.

தாலுகா ஆபீஸ்காரர்கள் எல்லாரும் தினமும் சிவப்பிலேயே இறங்க ஆரம்பித்தார்கள். காரியங்கள் மளமளவென்று நடந்தன, ஜனங்கள் வாழ்த்தினார்கள், பிறகு பார்த்தால் எதிர்த்துக் கேள்வி கேட்கிற பங்கு பூராவும் ஆட்டோவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்ததால், உயிரோடு இருக்கிறவருக்கு இறப்புச் சான்றிதழும் ஆற்றங்கரைக்குப் பட்டாவும் கேட்ட கைக்குக் கிடைத்தன. பள்ளிக்கூடத்தில் இன்னும் அழகு. பிள்ளைகள் கை கட்டி வாய் பொத்தி வகுப்பில் இருந்தார்கள்; அவர்களுடைய சேட்டை மொத்தமும் வேனுக்குள் உட்கார்ந்து டிரைவரின் முடியைப் பிய்த்தது. டீச்சர்களுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. விளையாட்டு விழாவில் விசில் ஊதியதும் ஓட்டப் பந்தயத்துப் பிள்ளைகள் பேசாமல் நடந்து போனதைப் பார்த்துத் தலைமையாசிரியைக்கு நெஞ்சு பதறிவிட்டது. மறுநாளிலிருந்து அவரே வாசலில் குடையோடு நின்று வேன்களைப் பக்கத்துச் சந்துக்குத் திருப்பிவிட்டார்.

கல்யாணக்காரர்கள் விஷயம்தான் பெரிய விஷயம். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது, ஏழுகண்பாலத்துத் தாய்மார் மண்டப வாசலில் காரைச் சிவப்பில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி, பெண்ணை இறக்கி மாப்பிள்ளையின் வண்டியில் ஏற்றினார்கள். பெண் போய்விடும், பெண்ணின் போக மனசில்லாத பங்கு பெற்றவர்களின் காரிலேயே இருக்கும். விவரம் தெரிந்த வெளியூர்ச் சம்பந்திகள் லேசுப்பட்டவர்களா? ஆரத்தித் தட்டோடு நிற்கிற அத்தைமார் பெண்ணின் முகத்தைப் பார்க்குமுன் அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தார்கள், சிவப்பு ஒட்டியிருக்கிறதா என்று.

இப்படி ஊர் தன் பாட்டுக்கு அதிசயத்தை அமுக்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்த காலத்தில்தான், லிங்கத்துரையின் மனைவி சந்தனமாரி மஸ்கட்டுக்குப் போனாள்.

அவளே ஆசைப்பட்டுத்தான் போனாள். கல்யாண மண்டபத்துச் சமையலில் யாரோ ஒருவருக்குக் கீழே காய் நறுக்கியே அவளுக்கு அலுத்துவிட்டது. தான் சொன்னதுதான் உப்பு, தான் சொன்னதுதான் புளி என்று ஓர் அடுப்பங்கரை தன் கைக்குள் வரவேண்டும், விமானத்தில் ஏறி மேகத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று இருந்தாள். மஸ்கட்டில் நம் ஆட்கள் நடத்துகிற ஒரு மெஸ்ஸில் சமையல் பொறுப்பு, ரெண்டு வருஷம் என்று கூப்பிட்டார்கள். லிங்கத்துரைக்கு அவளை விட்டு இருக்கப் பயம். ஆனாலும் பெருமை. ஸ்டாண்டில் எல்லாரிடமும் "எம் பொண்டாட்டி ஃபாரின் போறா" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பயத்தை அடக்கினான்.

கிளம்புகிற அன்று கேஸை மூடினேனா என்று ஒருதரம் உள்ளே போனாள், கொல்லைக் கதவைச் சாத்தினேனா என்று ஒருதரம் போனாள், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருதரம் போனாள். பஸ் ஸ்டாண்டு வாசலுக்கு வரும்போது ஏர்போர்ட் பஸ் நகர ஆரம்பித்திருந்தது.

"அங்க நிறுத்தாதீங்க, செவப்பு," என்றாள்.

"பஸ்ஸு போயிரும் மாரி. எறங்கு, ஓடு!"

ஓடினாள். பஸ்ஸின் ஜன்னலில் கையை நீட்டி ஆட்டிக்கொண்டே போனாள். அவன் கழுத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பின்சீட்டில் அதே பச்சைச் சேலையோடு உட்கார்ந்து, முந்தானையால் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நான் போயிட்டனா?"

"போயிட்ட."

"பாவம்," என்றாள்.

அப்போதே ஓரமாக நிறுத்தி அவளைக் கீழே இறங்கச் சொல்லியிருக்க வேண்டும். ஞானப்பூவும் அதைத்தான் சொன்னாள். "நாளைக்கு எறக்கிருதேன் மேடம்" என்றான் லிங்கத்துரை. மறுநாளும் அதையே சொன்னான். அதற்கப்புறம் ஞானப்பூ கேட்பதை விட்டுவிட்டு, "மாரிக்கா, சாப்பிட்டீங்களா?" என்று பின்சீட்டில் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவன் நன்றாகத்தான் வாழ்ந்தான், பொய் சொல்லக் கூடாது. பின்சீட்டில் ஓர் ஓரம் அவளுக்கு. மற்ற இடத்தில் சவாரி. சந்தைக்குப் போகிற பெண்கள் "கொஞ்சம் நவுந்துக்கோங்கக்கா" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகள் குறை, மாமியார் குறை, முருங்கைக்காய் விலை எல்லாம் பேசிக்கொண்டு போனார்கள். அவள் பேச்சுக்காகவே இந்த வண்டியைத் தேடி வந்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்தால் வண்டியை அடுப்பங்கரை ஜன்னலோரம் நிறுத்துவான். அவள் காலைச் சீட்டுமேல் மடக்கி வைத்துக்கொண்டு, தரையில் விரல்நுனி படாமல் பார்த்துக்கொண்டு, "கடுகு வெடிக்கட்டும், அவசரப்படாதீங்க... இப்பப் போடுங்க வெங்காயத்த" என்று ஜன்னல் வழியே சொல்லிக்கொடுக்க, அதுவரை வெந்நீர்கூட வைக்கத் தெரியாத லிங்கத்துரை தேங்காய்ப்பால் சொதி வைக்கவே படித்துவிட்டான். தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஆட்டோவிலேயே இருவரும் சாப்பிட்டார்கள். மிச்சத்துக்குப் பசி இருக்குமோ என்னவோ, அவள் ஆசையாக உப்பு பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவன் அவளோடு இவ்வளவு பேசியதில்லை.

மஸ்கட்டிலிருந்தும் போன் வரும். அந்தச் சந்தனமாரி ஒரு குறையும் இல்லாமல் இருந்தாள்.

"நல்லா இருக்கேன். இங்க எல்லாம் வசதி. நீங்க சாப்பிட்டீங்களா? சரி, வச்சிரட்டா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பின்சீட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிடும். "இவ என்ன, கேஸ் கம்பெனிக்குப் போன் போட்ட மாதிரி பேசுதா? ஒரு வார்த்த நல்லதா கேட்டா கொறைஞ்சா போயிருவா?" என்று தன்னையே திட்டுவாள். லிங்கத்துரை சிரித்துக்கொள்வான். அவனுக்கு என்ன குறை? போக மனசில்லாதவள் அவனோடுதானே இருக்கிறாள். அவனை விட்டுப் போக அவளுக்கு இவ்வளவு மனசில்லாமல் இருந்ததா என்று நினைத்து நினைத்து அவன் உள்ளுக்குள் பூரித்தான்.

இந்த நிலைமையில்தான் பாத்திரக்கடை பிச்சுமணி வீட்டில் அந்தக் கூத்து நடந்தது. பிச்சுமணி தன் மகள் உமையாவின் மிச்சத்தைக் கல்யாணத்தன்றிலிருந்து தன்னுடைய பழைய அம்பாசிடர் காரிலேயே வைத்திருந்தார். கடைக்கும் வீட்டுக்கும் அப்பாவும் மகளும் பாட்டுக் கேட்டுக்கொண்டே போய் வந்தார்கள். உமையாவுக்கு மாசமாகி, வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர பிச்சுமணி சீர்வரிசையோடு போனால், அவள் கதவோரம் நின்று, "எதுக்குப்பா அலைச்சல், இங்கயே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். கோபமில்லை, வருத்தமில்லை, வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வந்த பிச்சுமணி காரை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து, "எறங்கு தாயி" என்று மிச்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையில் பையோடு உமையா வந்து நின்றாள். "கூட்டிட்டுப் போக வந்த மனுசன், நாலு தடவ கூப்பிடக் கூடாதா?" என்று அப்பாவைக் காய்ச்சி எடுத்தாள்.

ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. லிங்கத்துரையும் சிரித்தான். சிரித்தாலும் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் மஸ்கட்டிலிருந்து போன். அவன் ஆற்றோரம் புங்கமர நிழலில் வண்டியை நிறுத்திச் சாப்பாட்டுக்குத் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தான்.

"மேனேஜர் கேக்காரு, இன்னும் அஞ்சு வருசம் சேத்து இருக்கியான்னு. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லணும். சரின்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

"அஞ்சு வருசமா?"

"ஆமா. அங்க வந்து மட்டும் என்ன செய்யப் போறேன்? நீங்களும் நல்லாத்தான இருக்கீங்க. சரி, வச்சிரட்டா?"

வைத்துவிட்டாள். அஞ்சு முடிந்தால் இன்னும் அஞ்சு கேட்பார்கள்; அவளும் சரி என்பாள். மாட்டேன் என்று சொல்லவேண்டியவளை அவன் அல்லவா இத்தனை நாளும் ஆட்டோவில் வைத்து ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறான்! இவளைப் பொத்திப் பொத்தி வைத்து, அவளை மொத்தமாகத் தொலைக்கப் போகிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பின்சீட்டில் சந்தனமாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காலை இன்னும் இறுக்கி மடக்கிக்கொண்டாள்.

"நான் எறங்க மாட்டேன்," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே மாரி."

"சொல்லுவீங்க. மூஞ்சில எழுதியிருக்கு. நான் போக மாட்டேன். போக மனசில்லன்னுதான இங்க இருக்கேன்?"

அவள் சொல்வது நியாயம்தான். போக மாட்டேன் என்பதைத் தவிர அவளிடம் வேறு ஒன்றும் கிடையாது. அவள் முழுக்க முழுக்க அதனாலேயே ஆனவள். லிங்கத்துரை தூக்குச்சட்டியை மூடினான். இறங்கிப்போய் அவள் பக்கம் நின்றான். படிக்காதவன், பேச்சில் கெட்டிக்காரனும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவனுக்கு வாயில் வந்தது.

"போக மனசில்லாம இருக்கதுக்கு இங்க எதுக்கு மாரி நீ? இங்கதான் நான் இருக்கேனே, நீ போகக் கூடாதுன்னு நெனைக்க. அங்க அப்படி நெனைக்க ஒருத்தியும் இல்ல. அவ பாரு, அஞ்சு வருசம்னாலும் சரிங்கா, அம்பது வருசம்னாலும் சரிங்கா. நீ அங்க போயி மனசில்லாம இரு."

ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போனா அழுகையா வருமேங்க."

"வரும்."

"நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்களே."

"மாட்டேன். அதுக்குத்தான் அழுகை வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. "நல்ல ஆளுய்யா நீங்க, பொண்டாட்டிய அழுகதுக்கு அனுப்புதீங்க," என்றாள். தூக்குச்சட்டியை வாங்கித் திறந்து, ஒரு வாய் எடுத்து உப்புப் பார்த்தாள். "சரியா இருக்கு. இனிமே தனியா வச்சிருவீங்க." முந்தானையை இழுத்துச் செருகினாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மடக்கியிருந்த காலை நீட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான். கொலுசுக் கால் புங்கம்பூ உதிர்ந்து கிடந்த மண்ணில் பட்டது. தோளில் இருந்த பிடி விட்டது.

அப்புறம் ஆறு இருந்தது, மரம் இருந்தது, ஆட்டோ இருந்தது. லிங்கத்துரை காலியான பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நடந்து போன யாரோ "சவாரி வருமா?" என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினான். செய்ததை நினைத்தால் அழுகை வந்தது, செய்யாமல் விட்டிருந்தால் என்று நினைத்தால் இன்னும் பயமாக வந்தது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்தபடி இருந்தான்.

அடித்தது.

எடுத்தான். பின்னால் மெஸ்ஸின் இரைச்சல், பாத்திரங்கள் உருளுவது, "அக்கா, சாம்பார் அக்கா" என்று யாரோ கூப்பிடுவது, அதற்குள்ளிருந்து ஒரு விசும்பல். விசும்பல் ஒப்பாரி ஆயிற்று.

"ஏங்க... நான் எதுக்குங்க இங்க வந்தேன்?"

"நீதான மாரி ஆசப்பட்டுப் போன."

"ஆசப்பட்டா உட்டுருவீங்களா? ஒரு வார்த்த, போகாதன்னு சொல்ல வேண்டாமா? நல்லா வேல செஞ்சுக்கிட்டு நின்னவ, திடீர்னு ஒங்க மொகம் வந்துட்டு. கரண்டியப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன். எல்லாரும் என்னயே பாக்காங்க."

"மேனேஜர்ட்ட சொல்லிட்டியா, அஞ்சு வருசம்?"

"அஞ்சு வருசமா? என்னால முடியாது சாமி. ரெண்டு வருசம்னு வந்தேன், அதுக்கு மேல ஒருநாளு இருக்க மாட்டேன்னு இப்பத்தான் அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வாரேன். எங்க வீட்டுக்காரரு அங்க தனியா இருக்காரு, நான் போகணும்னு சொல்லிட்டேன்."

தனியாகத்தான் இருந்தான். அவள் போன நாளிலிருந்து இன்றைக்குத்தான் தனியாக இருந்தான். அந்த மரத்தடியில், அந்தக் காலி வண்டியில், போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கடல் தாண்டி வருகிற அந்த அழுகையை ஒரு சொட்டு விடாமல் கேட்டான் லிங்கத்துரை. அது முழு ஆளின் அழுகை.

"அழு மாரி," என்றான், சிரித்துக்கொண்டே. "நல்லா அழு."